வெனிலா: கொடி நடுவது முதல் காய் மணப்பது வரை முழுமையான வழிகாட்டி

வெனிலா நட்டுத் தோற்றவர்களில் சோம்பேறிகளை நான் அதிகம் பார்த்ததில்லை. பெரும்பாலும் கடுமையாக உழைத்தவர்கள்தான். ஒவ்வொரு வேலையையும் அதற்குரிய நாள் வருமுன்பே செய்துவிட்டார்கள். மரம் நிழல் தருமுன் கொடி, கொடி தடிக்குமுன் பூ, காய் முற்றுமுன் அறுவடை, காய் உலருமுன் பெட்டி. இந்தப் பயிரில் இன்று செய்த பிழை இன்று தெரியாது. நடவில் செய்த தவறு அடுத்த மழையில் வேரழுகலாக வரும். சுடுநீரில் செய்த தவறு இரண்டு மாதம் கழித்து மணமில்லாத குச்சியாகக் கையில் நிற்கும்.

அதனால் வேலைகளை அவை நடக்க வேண்டிய வரிசையிலேயே சொல்கிறேன். ஒவ்வொன்றும் ஏன் அப்படி என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். காரணம் தெரிந்தவர் வரிசையை மாற்ற மாட்டார்.

முதலில் கால அளவை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தாங்கு மரம் தயாராக 6 மாதம் முதல் ஓராண்டு. கொடி நட்டு முதல் பூ வர ஏறக்குறைய 3 ஆண்டு. பூ காயாகி முற்ற 9 முதல் 11 மாதம். அதன்பின் பதப்படுத்த இன்னும் 5, 6 மாதம். இங்கே சொல்வதெல்லாம் பரவலாகப் பயிராகும் வெனிலா பிளானிஃபோலியா வகைக்கு. தஹிதி வகையின் காய் முற்றினாலும் வெடிக்காது. அதைக் கொடியிலேயே பழுப்பாக விட்டுப் பறிப்பார்கள், சுடுநீரில் போடுவதில்லை. அந்த வகை உங்களிடம் இருந்தால் பதப்படுத்தும் பகுதி அப்படியே பொருந்தாது.

## 1. இடமும் தாங்கு மரமும்

வெனிலா ஓர் ஆர்க்கிட் கொடி. 21 முதல் 32 டிகிரி செல்சியஸ் வெப்பம், ஈரமான காற்று, ஆண்டு முழுவதும் பரவிப் பெய்யும் 1,500 முதல் 3,000 மில்லிமீட்டர் மழை, அதற்கு நடுவே இரண்டு மாத அளவுக்கு வறண்ட இடைவெளி ஆகியவை வேண்டும். அந்த வறண்ட இடைவெளியைக் குறையாக நினைக்காதீர்கள். கொடி பூப்பதே அதனால்தான்.

மண் பொலபொலவென்று, இலைமட்கு நிறைந்து, கார அமில நிலை 6 முதல் 7 வரை இருக்கட்டும். எல்லாவற்றையும்விட முக்கியம் வடிகால். மழை பெய்து அரை மணி நேரம் கழித்தும் நீர் நிற்கிற இடத்தில் நடாதீர்கள். லேசான சரிவு நல்லது. சமதளம்தான் கிடைக்கும் என்றால் மேடு கட்டி நடுங்கள்.

அடுத்தது தாங்கு மரம். கிளைரிசிடியா, கல்யாண முருங்கை போன்ற, போத்து (வெட்டிய கிளை) நட்டாலே வேர் பிடிக்கிற மரங்கள் வசதியானவை. பட்டை உரியும் மரம் வேண்டாம். வெனிலாவின் பற்று வேர் பட்டையைப் பிடித்துத்தான் ஏறுகிறது. பட்டை உரிந்தால் கொடியும் சேர்ந்து விழும். மரத்துக்கு மரம் 1.5 முதல் 2 மீட்டர், வரிசைக்கு வரிசை 2 முதல் 2.5 மீட்டர் இடைவெளி விடுங்கள்.

மரத்தை ஒன்றரை மீட்டர் உயரத்தில் கிளை பிரிய விடுங்கள். அதற்குக் கீழே முளைக்கும் கிளைகளைக் கிள்ளிவிடுங்கள். பின்னால் கொடியைத் தொங்கவிடப்போவது அந்தக் கவட்டையில்தான். கிளை இல்லாத வெறும் கம்பத்தில் கொடி ஏறிக்கொண்டே போகும், கைக்கு எட்டாது, பூக்கவும் தயங்கும்.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு, மரத்தையும் கொடியையும் ஒரே நாளில் நடுவது. கொடிக்கு 50 விழுக்காடு நிழல் வேண்டும். நிழல் இல்லாத முதல் கோடையில் இலை மஞ்சளித்து, வெந்து, தண்டு சுருங்கிவிடும். மரத்தை முன்கூட்டியே நட நேரமில்லை என்றால் நிழல்வலை கட்டுங்கள். மரம் இலை பிடித்தபின் வலையை எடுத்துவிடலாம்.

கிளைரிசிடியாவில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வறண்ட காலத்தில் அது இலையை உதிர்த்துவிட்டுப் பூக்கும். கொடிக்கு நிழல் மிகவும் தேவைப்படும் நேரத்தில் மரம் மொட்டையாக நிற்கும். மழைக்காலத்திலேயே முறைவைத்துக் கவாத்து செய்து வந்தால் புதுத் தளிர் இலையோடு கோடையைத் தாண்டும்.

## 2. கொடித்துண்டு: வெட்டியதும் நடாதீர்கள்

விதையிலிருந்து வெனிலாவை முளைக்க வைப்பது ஆய்வகத்து வேலை. தோட்டத்தில் தண்டுத் துண்டுதான். நோயில்லாத, பச்சையான, இதுவரை பூக்காத தண்டிலிருந்து 60 முதல் 120 சென்டிமீட்டர் நீளத்துக்கு வெட்டுங்கள். 15 கணு இருந்தால் நல்லது. நீளமான துண்டு விரைவில் பூக்கும். இரண்டு மூன்று கணு உள்ள துண்டும் பிழைக்கும், ஆனால் ஓராண்டுக்கு மேல் பின்தங்கும். திசு வளர்ப்புக் கன்றும் அப்படியே.

அடியிலுள்ள மூன்று நான்கு கணுக்களின் இலைகளைக் கிள்ளிவிடுங்கள். மண்ணில் படியப்போகும் பகுதி அது. இலையோடு புதைத்தால் இலை அழுகி, அழுகல் தண்டுக்குள் ஏறும். வெட்டும்போது வடிகிற சாறு தோலில் பட்டால் பலருக்கு அரிக்கும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், கண்ணைத் தொடாதீர்கள்.

வெட்டிய துண்டை மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த ஒரு சதவீத போர்டோக் கலவையில் முக்கி எடுத்து, நிழலில், காற்றோட்டமான இடத்தில் ஒரு வாரம் முதல் பத்து நாள் போட்டு வையுங்கள். தண்டு சற்றுத் தளர்ந்து வாடும். புதியவர்கள் இதைப் பார்த்துப் பதறி உடனே நட்டு நீர் ஊற்றிவிடுகிறார்கள். வாட விடுவதற்குக் காரணம் இருக்கிறது. வெட்டுவாய் காய்ந்து தோல் கட்டினால்தான் மண்ணிலுள்ள பூஞ்சை உள்ளே நுழையாது. வாடிய துண்டு வளையவும் செய்யும், நடும்போது ஒடியாது.

## 3. நடவு

மழை தொடங்கி மண் குளிர்ந்த பிறகு, அடைமழை வருமுன் நடுங்கள். தாங்கு மரத்திலிருந்து ஒரு சாண் தள்ளி, நிழல் விழும் பக்கத்தில் மண்ணை லேசாகக் கிளறி இலைமட்கைப் பரப்புங்கள். இலை கிள்ளிய அடிக்கணுக்களை அதன்மேல் கிடையாகப் படுக்க வைத்து, 2 முதல் 5 சென்டிமீட்டர் கனத்துக்கு மட்கால் மூடுங்கள். அவ்வளவுதான் ஆழம்.

வெட்டிய முனை மட்டும் மண்ணுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். குழி தோண்டிச் செங்குத்தாக நட்ட துண்டுகள் வெட்டுவாயில் தொடங்கி மேல்நோக்கி அழுகுவதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். முருங்கைப் போத்து நட்ட பழக்கத்தில் செய்வது இது. வெனிலாவின் வேர் ஆழம் போகாது; மேல்மண்ணில், மட்குக்கு அடியில் பரவும். அதற்கு வேண்டியது படுக்கை, குழி இல்லை.

மேல்பகுதியை வாழைநார் போன்ற மெத்தென்ற நாரால் மரத்தோடு தளர்வாகக் கட்டுங்கள். கம்பி, நைலான் கயிறு வேண்டாம். தண்டு தடிக்கும்போது அறுத்துவிடும். நான்கு முதல் எட்டு வாரத்தில் வேர் பிடித்துத் தளிர் கிளம்பும். வேர் பிடித்ததா என்று இழுத்துப் பார்க்காதீர்கள். நுனி நகர்கிறதா என்று பார்த்தால் போதும்.

## 4. மூடாக்கு, நீர், உரம்

மூன்றிலும் மூடாக்குதான் பெரியது. காய்ந்த இலை, தென்னை மட்டை, கவாத்து செய்த தழை எது கிடைத்தாலும் அடியில் 10 சென்டிமீட்டருக்குக் குறையாமல் போட்டு, குறையக் குறைய நிரப்புங்கள். கொடிக்கு உணவு, ஈரம், குளிர்ச்சி மூன்றும் இதிலிருந்தே வருகின்றன. மண்வெட்டியை அடியில் கொண்டு போகவே கூடாது. களையைக் கையால் பிடுங்குங்கள். ஒரே ஒரு கொத்தில் அறுபடும் வேர்கள் ஒரு பருவத்து வளர்ச்சியைத் தின்றுவிடும். அறுபட்ட வாய் வழியாக நோயும் புகும்.

மழையில்லாத நாட்களில் வாரம் இரண்டு மூன்று முறை தெளிப்பு போலக் கொடுங்கள். பாய்ச்சல் வேண்டாம். உரம் என்று தனியாகப் பெரிதாக எதுவும் தேவைப்படாது. நன்றாக மட்கிய தொழுவுரமோ மண்புழு உரமோ ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை. பச்சைச் சாணம் சூட்டில் வேரைப் பொசுக்கும்.

நோய்களில் பயப்பட வேண்டியது ஃபியூசேரியம் பூஞ்சையால் வரும் வேரழுகல். வேர் பழுப்பாகிச் சாகும், தண்டு சுருங்கும், கொடி காற்றில் புது வேர்களை விட்டுத் தப்பப் பார்க்கும். முற்றினால் மருந்து இல்லை. பாதித்த பகுதியை வெட்டி எடுத்துத் தோட்டத்துக்கு வெளியே கொண்டு போய் எரித்துவிடுங்கள், மேலே நலமாக இருக்கும் தண்டை வேறு இடத்தில் புதுத் துண்டாக நடலாம். டிரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சையை மட்கோடு கலந்து போடுவது வருமுன் காக்க உதவும், வந்தபின் காக்காது. இலையில் தேமல், சுருக்கம் கண்டால் அது வைரஸ். அந்தக் கொடியிலிருந்து துண்டு எடுக்காதீர்கள், அதை வெட்டிய கத்தியால் அடுத்த கொடியைத் தொடாதீர்கள். நத்தைகள் வேர் நுனியையும் தளிரையும் தின்னும். மாலையில் விளக்கோடு போய்ப் பொறுக்குவதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை.

## 5. கொடியை வளைத்து இறக்குதல்

கொடி கவட்டையைத் தொட்டதும் அதன்மேல் போட்டுக் கீழே தொங்க விடுங்கள். நுனி தரையைத் தொடும்போது ஒன்றிரண்டு கணுவை மட்கில் புதைத்து மீண்டும் மரத்தில் ஏற்றுங்கள். இப்படி ஏற்றி இறக்கும் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பலன் உண்டு. புதிய இடத்தில் வேர் பிடிப்பதால் பழைய அடி அழுகினாலும் கொடி சாகாது. வளைந்து தொங்கும் பகுதியில் மாவுச்சத்து தேங்குவதால் பூமொட்டும் அங்கேதான் அதிகம் வரும். பூவும் காயும் கைக்கெட்டும் உயரத்தில் இருக்கும்.

காலை நேரத்தில் தண்டு நீர் நிறைந்து விறைப்பாக இருக்கும், வளைத்தால் ஒடியும். வெயில் ஏறியபின் செய்யுங்கள். ஒரே இழுப்பில் வளைக்காமல் இரண்டு மூன்று நாளாகச் சிறிது சிறிதாகத் திருப்பினால் முறியாது.

## 6. பூக்க வைத்தல்

நட்டு மூன்றாம் ஆண்டில், தண்டு சுண்டுவிரலுக்கு மேல் தடித்து, தொங்கும் கொடி இரண்டு மூன்று மீட்டர் சேர்ந்திருந்தால் பூக்க விடலாம். ஒல்லியான கொடி பூத்தால் அந்த ஆண்டு மொட்டைக் கிள்ளி எறியுங்கள். மனம் வராது. ஆனால் மெலிந்த கொடி காய் சுமந்தால் காயும் தேறாது, கொடியும் தேறாது.

பூக்கும் பருவத்துக்கு 6 முதல் 8 மாதம் முன்பு, தொங்கும் கொடிகளின் நுனியில் 10 முதல் 15 சென்டிமீட்டர் கிள்ளிவிடுங்கள். நீள வழி அடைபட்டதும் கொடி தன் சத்தைப் பக்க மொட்டுகளுக்குத் திருப்பும். பிறகு வறண்ட காலம் வரும்போது நீரைக் குறைத்து, தாங்கு மரத்தின் கிளைகளைச் சற்றே விலக்கி வெளிச்சம் விடுங்கள். இலை லேசாகத் துவளும் அளவு வறட்சி போதும். மொட்டுகள் தெரிந்ததும் நீரைத் திரும்பக் கொடுங்கள்.

ஓர் இலைக்கணு ஒருமுறைதான் பூங்கொத்து தரும். காய்த்து முடிந்த தண்டை அறுவடைக்குப்பின் வெட்டிவிடலாம்.

## 7. கையால் மகரந்தம் சேர்த்தல்

புதியவர்கள் மிகவும் அஞ்சுவதும், ஒரு காலை நேரத்தில் கற்றுக்கொள்ளக்கூடியதும் இந்த வேலைதான். 1841இல் ரீயூனியன் தீவில் எட்மண்ட் ஆல்பியஸ் என்ற 12 வயது அடிமைச் சிறுவன் கண்டுபிடித்த அதே முறையைத்தான் உலகம் இன்றும் கையாள்கிறது. அதைவிட எளிய வழியை யாரும் இதுவரை கொண்டுவரவில்லை.

பூ விடியலில் மலர்ந்து பிற்பகலில் வாடிவிடும். ஒரு பூவுக்கு ஆயுள் அந்த ஒரு காலைதான். ஒரு கொத்தில் 15 முதல் 20 மொட்டு இருக்கும், நாளுக்கு ஒன்று, சில நாள் இரண்டு மூன்று மலரும். அதனால் பூக்காலம் முழுவதும், ஏறக்குறைய இரண்டு மாதம், தினமும் காலை 6 மணிக்குத் தோட்டத்தில் இருக்க வேண்டும். ஒரு நாள் போகாவிட்டால் அன்றைய பூக்கள் போனதுதான். வேறு வேலைகளை முன்கூட்டியே ஒதுக்கிவைத்துவிட்டு இறங்குங்கள்.

முதலில் ஒரு பூவைப் பறித்துப் பிரித்துப் பாருங்கள். குழல்போல் சுருண்டிருக்கும் இதழுக்குள்ளே ஒரு தூண் இருக்கும். தூணின் உச்சியில் தொப்பிபோல் மகரந்தப் பை; அதற்குள் ஒட்டும் மெழுகுபோல் மஞ்சள் மகரந்தம். அதற்குக் கீழே, பசையோடு பளபளக்கும் குழிவு, அதுதான் சூல்முடி. இரண்டுக்கும் நடுவே நாக்குபோல் ஒரு சவ்வு மடிந்து கிடக்கும். நாம் செய்யப்போவது அந்த நாக்கைத் தூக்கி, மேலே இருப்பதைக் கீழே தொட வைப்பது. வேறொன்றும் இல்லை.

கருவி: பல் குத்தும் குச்சி, மழுக்கிய மூங்கில் சிம்பு, வழவழப்பான முள் எதுவும் போதும். முனை கூர்மையாக இருந்தால் சூல்முடியைக் குத்திவிடும், சற்றே தேய்த்துக்கொள்ளுங்கள்.

இனி வரிசை. இடது கையில் பூவின் பின்புறத்தை நடுவிரலால் தாங்குங்கள், கட்டைவிரல் முன்புறம் சும்மா இருக்கட்டும். வலது கைக் குச்சியால் சுருண்ட இதழை முன்பக்கம் கீழிருந்து கிழித்து ஒதுக்குங்கள். தூண் தெரியும். குச்சி முனையை நாக்குச் சவ்வுக்கு அடியில் நுழைத்து மேல்நோக்கிப் பின்னால் தள்ளுங்கள். மகரந்தப் பை தானாகவே முன்னால் சாயும். இப்போது இடது கட்டைவிரலால் அந்தப் பையைச் சூல்முடிமேல் மெதுவாக அழுத்துங்கள். அழுத்தம் இருக்கும்போதே குச்சியை உருவுங்கள். கட்டைவிரலை எடுங்கள். முடிந்தது.

குச்சியை உருவுவதற்கு முன்பே கட்டைவிரலை எடுத்துவிடுவதுதான் முதல்நாள் தவறு. மகரந்தம் குச்சியிலேயே ஒட்டிக்கொண்டு வந்துவிடும். இரண்டாவது தவறு நசுக்குவது. ஈரமான தபால்தலையை ஒட்டும் அழுத்தம் போதும். பறித்த பத்துப் பூவில் பழகிவிட்டுக் கொடியிலுள்ள பூவைத் தொடுங்கள். கை பழகியவர் ஒரு காலையில் 1,000 பூவுக்கு மேல் முடிப்பார். உங்களுக்கு முதல் வாரம் 100 வந்தாலே நல்ல தொடக்கம்.

மழை பெய்தால் பூவிலுள்ள நீரை உதறிவிட்டு, மழை விட்ட இடைவெளியில் செய்யுங்கள். நனைந்த மகரந்தம் சரியாக ஒட்டாது.

சேர்ந்ததா என்று தெரிய இரண்டு மூன்று நாள் பொறுங்கள். சேராத பூ மறுநாளோ அதற்கடுத்த நாளோ காம்போடு உதிரும். சேர்ந்த பூ வாடினாலும் உதிராமல் நுனியிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். பூவுக்குப் பின்னால் காம்புபோல் இருப்பது உண்மையில் சூலகம், அதுதான் நீண்டு காயாகும்.

## 8. எத்தனை பூவைத் தொடுவது

எல்லாவற்றையும் தொட்டுவிடத் தோன்றும். தொடாதீர்கள். ஒரு கொத்துக்கு 8 முதல் 10 பூ, ஒரு கொடிக்கு 10 முதல் 12 கொத்து. இதற்கு மேல் போனால் காய்கள் குட்டையாக, ஒல்லியாக வரும், கொடி அடுத்த ஆண்டு பூக்காது, நோய்க்கும் எளிதில் ஆளாகும். முதன்முதலாகப் பூக்கும் கொடிக்கு இதில் பாதி போதும்.

கொத்தின் கீழ்ப்பக்கம் பார்த்த பூக்களைத் தேர்ந்தெடுங்கள். அந்தக் காய்கள் நேராகத் தொங்கும். மேல்பக்கத்துப் பூவில் வரும் காய் வளைந்துகொண்டு இறங்கும். வளைந்த காயை உலர்த்துவதும் கட்டுவதும் தொல்லை. வேண்டிய எண்ணிக்கை சேர்ந்ததும் மீதி மொட்டுகளைக் கிள்ளிவிடுங்கள்.

இத்தோடு ஒரு பழக்கம்: வாரத்துக்கு ஒரு நிற நூல் வைத்துக்கொண்டு, அந்த வாரம் சேர்த்த கொத்துகளில் கட்டிவிடுங்கள். இந்தச் சின்ன வேலையைச் செய்தவர்கள் ஒன்பது மாதம் கழித்து நிம்மதியாக இருப்பார்கள். காரணம் அடுத்த பகுதியில்.

## 9. காத்திருப்பும் அறுவடையும்

காய் ஆறிலிருந்து எட்டு வாரத்தில் முழு நீளத்துக்கு வந்துவிடும். 15 முதல் 20 சென்டிமீட்டர், பச்சை, பருத்து, பார்க்கப் பறிக்கத் தயார் போலவே இருக்கும். அப்போது அதற்குள் ஒன்றுமே இல்லை. மணத்துக்கு அடிப்படையான குளுக்கோவெனிலின் என்ற பொருள் கடைசி மாதங்களில்தான் சேர்கிறது. பூ தொட்டு 9 மாதத்துக்கு முன் பறித்த காயை எப்படிப் பதப்படுத்தினாலும் மணம் நிறையாது, பெட்டிக்குள் பூசணமும் எளிதில் பிடிக்கும்.

முற்றியதற்கு அடையாளம், காயின் அடிநுனி வெளிர் மஞ்சளாவது. அரை முதல் ஒரு சென்டிமீட்டர் மஞ்சள் கண்டதும் பறியுங்கள். நாலைந்து நாள் தாமதித்தால் நுனி பிளக்கத் தொடங்கும். பிளந்த காயிலும் மணம் உண்டு, ஆனால் தரம் ஒரு படி இறங்கும்.

பூக்கள் நாளுக்கு ஒன்றாக மலர்ந்தன அல்லவா, காய்களும் அப்படியே முற்றும். கொத்தோடு அறுத்தால் பாதி பிஞ்சு, பாதி வெடிப்பு. ஒவ்வொரு காயாக, பக்கவாட்டில் திருகிப் பறிக்க வேண்டும். நூலின் நிறத்தை வைத்து எந்தக் கொத்தை எந்த வாரம் பார்ப்பது என்று தெரிந்துகொள்ளலாம். பருவத்தில் வாரம் இருமுறையாவது சுற்றிவாருங்கள்.

பச்சைக் காயை முகர்ந்து பார்த்து ஏமாறாதீர்கள். அதில் வெனிலா மணம் கொஞ்சமும் இராது.

## 10. சுடுநீர்

பறித்த காயைச் சில நாட்களுக்குள் பதப்படுத்தத் தொடங்குங்கள். சாக்கில் கட்டி வைத்தால் சூடேறி அழுகும். கழுவி, நீளவாரியாகப் பிரியுங்கள்: 15 சென்டிமீட்டருக்கு மேல், 12 முதல் 15 வரை, அதற்குக் கீழ், வெடித்தவை தனியாக. தடிமனுக்கு ஏற்ப வெப்பம் உள்ளே இறங்கும் நேரம் மாறும் என்பதால் இந்தப் பிரிப்பைத் தவிர்க்க முடியாது.

தேவையானவை: பெரிய பாத்திரம், துளையுள்ள கூடை, கடிகாரம், நம்பகமான வெப்பமானி. வெப்பமானி இல்லாமல் விரலை விட்டுப் பார்த்துச் செய்யலாம் என்று நினைத்தால் தயவுசெய்து இந்தப் படியைத் தொடங்கவே வேண்டாம். நான்கு ஆண்டு உழைப்பு மூன்று நிமிடத்தில் போய்விடும்.

நீர் 63 முதல் 65 டிகிரிக்குள் நிற்கட்டும். நீளக் காயை 3 நிமிடம், நடுத்தரத்தை இரண்டரை, குட்டையை 2, வெடித்ததை ஒன்றரை நிமிடம் மூழ்க வைத்து எடுங்கள். குளிர்ந்த காய் விழுந்ததும் நீர் சூடு இறங்கும். அதனால் நீர் நிறைய, காய் குறைவாக இருக்கட்டும்.

ஏன் இந்தக் கணக்கு? உயிருள்ள காயில் குளுக்கோவெனிலினும் அதை உடைக்கும் நொதியும் தனித்தனி அறைகளில் இருக்கின்றன. சூடு அந்தச் சுவர்களை உடைத்து இரண்டையும் சேர்த்துவிடுகிறது. அதன்பின் நொதி வேலை செய்து மணம் தரும் பொருளான வெனிலினைப் பிரிக்கிறது. சூடு போதாவிட்டால் காய் சாகாமல் பழுத்துக்கொண்டே போய் வெடிக்கும். சூடு மிஞ்சினால் நொதியே செத்துவிடும். காய் கறுக்கும், மணக்காது. மறுநாள் காயில் பச்சைத் திட்டு தெரிந்தால் சூடு பற்றவில்லை என்று பொருள். கொதிக்கும் நீரில் போட்ட காயோ அழகாகக் கறுத்துச் சரியாக வந்ததுபோல் நிற்கும். அதுதான் கொடுமை.

## 11. வியர்க்க வைத்தல்

கூடையிலிருந்து எடுத்த காயை ஒரு நிமிடம் நீர் வடியவிட்டு, சூடு ஆறுமுன் கம்பளியில் சுருட்டி, உள்ளே கம்பளி விரித்த மரப்பெட்டியில் வைத்து மூடுங்கள். சிறு அளவுக்குக் குளிர்பானம் வைக்கும் தெர்மாகோல் பெட்டியும் சரியாக வேலை செய்யும். உள்ளே 45 முதல் 50 டிகிரி, 24 முதல் 48 மணி நேரம் நீடிக்க வேண்டும். நீர் வடிவதற்குள் காய் ஆறிவிடாதபடி கம்பளியையும் பெட்டியையும் வெயிலில் காயவைத்துத் தயாராக வைத்திருங்கள். பெட்டியைத் தேடிக்கொண்டு நிற்கும் பத்து நிமிடத்தில் சூடு போய்விடும்.

திறக்கும்போது காய் சாக்லேட் பழுப்பில், எண்ணெய் தடவியதுபோல் வழவழப்பாக, முதன்முறையாக மெல்ல மணந்துகொண்டிருந்தால் இதுவரை செய்ததெல்லாம் சரி. அந்த மணத்துக்காகவே நான் பெட்டி திறக்கும் வேலையை யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

## 12. வெயிலும் கம்பளியும்

இனி ஒரு வாரம் முதல் பத்து நாள். காலை வெயில் ஏறியதும் உயர்ந்த மேடையில் கறுப்புக் கம்பளி விரித்துக் காய்களை ஒன்றையொன்று தொடாமல் பரப்புங்கள். ஒரு மணி நேரம் திறந்து கிடக்கட்டும். பின் கம்பளியின் மறுபாதியால் மூடி இன்னும் ஒரு மணி, இரண்டு மணி. தொட்டால் நன்றாகச் சுடும் நிலையில் சுருட்டிப் பெட்டியில் போட்டு மறுநாள் வரை மூடிவையுங்கள். பகலில் நீர் வெளியேறுகிறது, இரவில் நொதி வேலை செய்கிறது. இரண்டும் மாறி மாறி நடக்க வேண்டும்.

அதனால்தான் நாள் முழுக்க வெயிலில் போடக் கூடாது. மூன்று நாளில் காய்ந்துவிட்டது என்று பெருமையாகக் காட்டுவார்கள். உள்ளே மணம் உருவாகுமுன் நீர் போய்விட்ட காய் அது. வெறும் சிமெண்டுத் தரையிலும் தகரத்திலும் போடாதீர்கள், அடிப்பக்கம் வெந்துவிடும்.

மேகமூட்டம் வந்தால் வெப்பத்தைக் கட்டுப்படுத்தக்கூடிய உலர்த்தியில் 50 டிகிரிக்கு மேல் போகாமல் அந்த இரண்டு மணி நேரத்தைக் கொடுங்கள். ஈரக் காயை இரண்டு நாள் பெட்டியில் அடைத்து வைத்தால் பூசணம் நிச்சயம்.

காயில் நீளவாட்டில் சுருக்கம் விழுந்து, எடை பாதிக்கு வந்ததும் வெயில் வேலை முடிந்தது.

## 13. நிழலில் உலர்த்தல்

காற்றோடும் அறையில், வலைத்தட்டுகளில் ஒரு மாதம் முதல் இரண்டு மாதம். நேர் வெயில் படக் கூடாது. இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை ஒவ்வொரு காயையும் விரல்களுக்கிடையே காம்பிலிருந்து நுனி வரை நீவிவிடுங்கள். உள்ளே இருக்கும் எண்ணெயும் விதையும் சீராகப் பரவும், வளைந்த காய் நேராகும், பூசணம் தொடங்கியிருந்தால் கைக்கு உடனே தெரியும்.

எல்லாக் காயும் ஒரே நாளில் தயாராகாது. மெல்லியது முந்தும். விரலில் சுற்றினால் தோல்வார்போல் முறியாமல் சுற்ற வேண்டும், அழுத்தினால் ஈரம் கசியக் கூடாது. சமையலுக்கு முழுக் காயாகப் பயன்படுத்த 30 முதல் 35 விழுக்காடு ஈரம் இருக்கலாம். சாறு எடுக்க 20 முதல் 25 விழுக்காடு. வீட்டில் ஈரமானி இல்லாதவர் எடையை நம்புங்கள். 5 முதல் 6 கிலோ பச்சைக் காய் 1 கிலோவாக வரும். தொடக்கத்திலேயே ஒரு தட்டின் எடையைக் குறித்து வைத்திருந்தால்தான் இந்தக் கணக்கு உதவும். பலரும் குறிக்க மறந்துவிடுகிறார்கள். ஒரு கிலோ பச்சைக்கு 50 முதல் 70 காய் நிற்கும் என்பதால், அந்த ஒரு கிலோ மணக்கும் வெனிலாவுக்காக 250 பூவுக்குக் குறையாமல் கையால் தொட்டிருப்பீர்கள்.

## 14. பெட்டியில் பக்குவம்

தயாரான காயை நீளவாரியாக 50 வரை சேர்த்துக் கட்டி, மெழுகுத்தாளில் சுற்றி, மூடி இறுகும் மரப்பெட்டியிலோ கண்ணாடி ஜாடியிலோ மூன்று மாதம் வையுங்கள். புதிதாக உலர்ந்த காயின் மணம் ஒற்றையாக, சற்றுக் காட்டமாக இருக்கும். பெட்டிக்குள் அது மெல்ல மெல்லக் கனிந்து நிறைவாகும். விற்கவோ சாறு எடுக்கவோ இந்த மூன்று மாதத்தைக் குறைக்காதீர்கள்.

சாறுக்கு ஒரு வரி: 25 விழுக்காட்டுக்கு மேல் ஈரமில்லாத காய் 100 கிராமை நறுக்கி, குறைந்தது 35 விழுக்காடு ஆல்கஹால் உள்ள ஒரு லிட்டரில் ஊறவைப்பது பொதுவான அளவு. ஊற மாதக்கணக்கில் விடுங்கள்.

முதல் மாதம் வாரம் ஒருமுறை பெட்டியைத் திறந்து ஒவ்வொரு கட்டையும் பிரித்துப் பாருங்கள். பூசணம் கண்ட காயை உடனே தனியே எடுத்து, அதைத் தொட்ட காய்களை ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்து, ஒரு நாள் உலரவிட்டு வேறு பெட்டிக்கு மாற்றுங்கள். மண்ணெண்ணெய்போல், புகைபோல் நெடி வீசும் காய் இருந்தால் அதையும் வெளியேற்றுங்கள். அந்த நெடி பெட்டி முழுக்கப் பரவும். குளிர்பதனப் பெட்டியில் வைக்க வேண்டாம், அங்கே காய் விறைத்துப் போகும், ஈரம் படிந்து பூசணமும் வரும்.

சில மாதம் கழித்துக் காயின்மேல் வெள்ளையாக எதையோ கண்டு, பூசணம் என்று பதறி நல்ல காயைத் தூக்கி எறிந்தவர்கள் உண்டு. வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். ஊசி ஊசியாக, கண்ணாடித் துகள்போல் மின்னினால் அது வெனிலின் படிகம், அப்படியே விட்டுவிடுங்கள். மங்கலாக, பஞ்சுபோல் படர்ந்து, முகர்ந்தால் புழுங்கிய வாடை வந்தால்தான் பூசணம்.